மூன்றாம் வரியில் ஒரு பச்சைக் குறி

முதன்மைச் சரிபார்ப்புப் பொறியாளர் பொறுப்பிலிருந்து இன்று விடைபெறும் எங்கள் அக்காவுக்கு, வடிவமைப்புப் பிரிவினர் வாசித்தளிக்கும் மடல்

கணக்கின் காவலரே! கம்பியையும் காரையையும் கருணையின்றிக் கேள்வி கேட்ட கண்டிப்பே! முப்பத்துநான்கு ஆண்டுகள் முதுகு வளைந்தும் முறை வளையாத மூத்த பொறியாளரே! பிறர் எழுதிய எண்களைப் பிறர் தலைக்கு மேல் நிற்கப்போகும் பாரமாகவே பார்த்த பெருந்தகையே! எங்கள் அக்காவே! வணக்கம்.

இத்துடன் வியப்புக்குறிகளை நிறுத்திக்கொள்கிறோம். ‘கடலளவு கருணை’ என்று அடுத்து எழுதத்தான் கை போனது. எழுதினால், “அளந்தது யாரு?” என்று மேடையிலேயே கேட்டுவிடுவீர்கள். ‘மலை போன்ற உறுதி’ என்றால், பாறை மலையா மண் மலையா என்று கேட்பீர்கள். தங்களைப் புகழ்வது எளிய வேலை அல்ல.

மேடையில் தாங்கள் அமர்ந்திருக்கிறீர்கள். மூன்றாம் வரிசையின் ஓரத்தில், கால் நீட்ட வசதியாக, தங்கள் கணவர் அமர்ந்திருக்கிறார். முதல் வரிசையில் நம் இயக்குநர். அவர் மடியில் இருக்கும் நகலும் நான் வாசிக்கும் இந்தத் தாளும் ஒன்றல்ல என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் பத்தி மட்டும் ஒன்று. அவர் எழுந்து நிறுத்தச் சொன்னால் நிறுத்திவிட்டு, மீதியைத் தங்கள் கையில் கொடுத்துவிடுவேன். பிரிவினர் சார்பில் எழுதுவதால் ‘நாங்கள்’ என்று தொடங்கினேன். வேண்டிய இடங்களில் அது ‘நான்’ என்று மாறும். நாளைக் காலை தங்கள் நாற்காலியில் உட்கார ஆணை பெற்றிருப்பவன் நான் என்பதால், உட்காரும் முன் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது.

முதலில் இந்த மடலின் கதையைச் சொல்கிறேன். இங்கே ஓய்வு பெறுபவர்களுக்கெல்லாம் மடல் எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இதுவரை பதினொரு மடல்கள் எழுதியிருக்கிறேன். உண்மையில் எழுதியது ஒன்றுதான். மற்ற பத்தும் பெயரையும் ஆண்டையும் மாற்றியவை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் நம் கோப்புக் காப்பாளர் ஓய்வு பெற்றபோது, திருமணமே செய்துகொள்ளாத அந்த மனிதரைப் பார்த்து, ‘தங்கள் இல்லத்தரசியாரும் இரு செல்வங்களும் நீடூழி வாழ்க’ என்று நீட்டி முழக்கினேன். கூடமே வயிறு குலுங்கச் சிரித்தது. அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அட்ரஸ் குடுப்பா, ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வரேன்” என்றார். தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “இதை யாருப்பா செக் பண்ணா?” என்றீர்கள். “மடல்தானே அக்கா” என்றேன். “ம்” என்றீர்கள். அன்றைக்கு அதோடு பேச்சு முடிந்தது.

தங்கள் முறையை இங்கே எழுதி வைக்க வேண்டும். நாளை வருபவர்களுக்கு அது கட்டுக்கதையாகத் தோன்றலாம். எந்தத் தூண் எவ்வளவு பாரம் தாங்கும், எந்த விட்டம் எத்தனை தடிமன் என்று நாங்கள் கணக்குத் தாள் போட்டுக் கொண்டுவருவோம். தாங்கள் அதை வாங்கி, முதல் வேலையாக ஒரு பழுப்பு அட்டையால் மூடிவிடுவீர்கள். கட்டட உரிமையாளர் அனுப்பிய கடிதத்தையும் வரைபடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, பயன்படுத்திய காகிதங்களின் பின்பக்கத்தில் முழுக் கணக்கையும் தனியாகப் போடுவீர்கள். தங்கள் விடை வந்த பிறகுதான் அட்டை விலகும். பிறகு வரிக்கு வரி ஒப்பிட்டு, சரியான வரியின் வலப்பக்கம் பச்சை மையில் ஒரு சிறு குறி. கையெழுத்துப் போடும் வழக்கம் தங்களுக்கு இல்லை. பச்சைக் குறிதான் கையெழுத்து. அந்தப் பேனாவுக்கு மையைச் சொந்தக் காசில் வாங்குவீர்கள். மேல் இழுப்பறையில் அது தனியாகப் படுத்திருக்கும். இழுப்பறைக்குப் பூட்டு இருந்தது. பூட்டியதில்லை.

கட்டுமானக்காரர்கள் தொலைபேசியில் வணக்கம்கூடச் சொல்லாமல், “பச்சை விழுந்துச்சா?” என்றுதான் கேட்பார்கள். ஒரு திரையரங்கின் மேல்மாடத்து விட்டத்துக்காகத் தாங்கள் பத்தொன்பது நாள் பச்சை போடாமல் இருந்தது எங்களுக்கெல்லாம் நினைவிருக்கிறது. அதன் முதலாளி நேரில் வந்து மேசையைத் தட்டினார். “இருபது வருஷமா கட்டடம் கட்டறேன், எனக்குத் தெரியாதாம்மா?” என்றார். “உங்களுக்குத் தெரியும் சார். விட்டத்துக்குத் தெரியணுமே” என்றீர்கள். அந்த விட்டம் ஒன்பது அங்குலம் ஆழமாகி, அந்த மாடத்தில் இன்றும் ஆட்கள் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவர் இருந்தால் ஓர் அலுவலகம் எப்படி இருக்க வேண்டும்? நாங்கள் எப்படி இருந்தோம் என்று சொல்கிறோம். தங்கள் கவனம் கூடக் கூட எங்கள் கவனம் குறைந்தது. ‘அக்கா பார்த்துக்குவாங்க’ என்பது எங்கள் எல்லோருடைய வாயிலும் பழகிய சொல். தாள் போடும்போதே அரை மனத்தோடு போட்டோம். தப்பு இருந்தால் சிவப்புக் கோட்டோடு திரும்பி வரும், வராவிட்டால் சரி என்று இருந்தோம். புதிதாகப் போடச் சோம்பல்பட்டுப் பழைய தாளை எடுத்துத் தலைப்பை மாற்றுவோம். அதைத் திறமை என்றும் சொல்லிக்கொண்டோம். தங்கள் நேர்மையின் நிழலில் நாங்கள் படுத்துத் தூங்கினோம் என்றால் அது மிகை இல்லை. இந்தப் பத்தியில் ‘நாங்கள்’ என்பது சரியான சொல்தான். இனி வருவது நான்.

பத்தாண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை, தங்கள் கணவரின் இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சைக்காகத் தாங்கள் ஒரு வாரம் விடுப்பில் போனீர்கள். அந்த வாரம் என் மேசைக்கு ஒரு தையல் ஆலையின் கடிதம் வந்தது. ஆலையின் கூரைமேல் இருபதாயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைக்க வேண்டும், தாங்கிக்குக் கணக்குப் போட்டுத் தரவும் என்று இருந்தது. அன்றைய பிரிவுத் தலைவர் என் தோள் வழியாக அதைப் பார்த்துவிட்டு, “போன வருஷம் ஒரு தொட்டி போட்டோமே, அதையே எடுத்துப் பேரை மாத்திடு” என்றார். எடுத்தேன். முதல் வரியில் ஆலையின் பெயரை மாற்றினேன். இரண்டாம் வரியில் முகவரியை மாற்றினேன். மூன்றாம் வரி தொட்டியின் கொள்ளளவு. பழைய தாளில் பத்தாயிரம் லிட்டர் என்று இருந்தது. அதை மாற்றவில்லை.

ஏன் மாற்றவில்லை என்று ஒன்பது ஆண்டுகளாக யோசிக்கிறேன். பெரிய காரணம் ஒன்றாவது கிடைக்காதா என்று தேடியிருக்கிறேன். கிடைக்கவில்லை. யாரோ தேநீருக்குக் கூப்பிட்டார்கள், போனேன், திரும்பி வந்தபோது மாற்றிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை பதினான்கு தாள்கள் தங்களுக்காகக் காத்திருந்தன. தாங்கள் இல்லாதபோது பிரிவுத் தலைவர் தாமே கணக்குப் போட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. அவர் என்னைக் கூப்பிட்டு, “அக்காவுக்காகக் காத்திருந்தா திங்கக்கிழமை ஆளாளுக்குக் கத்துவாங்க. பச்சை டிக் போட்டு அனுப்பிடு. அவங்க வந்து எப்படியும் பார்ப்பாங்க” என்றார். கோப்புக்கான பிரதிகளை முதலில் எடுத்துவைத்துவிட்டு, தங்கள் இழுப்பறையைத் திறந்து பேனாவை எடுத்தேன். பதினான்கு தாள்களுக்கும் இருபது நிமிடம்தான் ஆனது. தங்கள் குறியின் வால் எப்படி வளையும் என்று எனக்குப் பாடம். தையல் ஆலைத் தாளின் மூன்றாம் வரிக்கு வந்தபோது பத்தாயிரம் என்ற எண்ணின் மேல் என் கண் பட்டது. கண் பட்டது, மனம் படவில்லை. அதற்குப் பக்கத்திலும் பச்சைக் குறி போட்டேன்.

திங்கள் காலை ஒன்பதே முக்காலுக்குத் தாங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டீர்கள். பத்தரைக்குத் தாள்கள் அலுவலகத்தை விட்டுப் போயின. தலைவர் பார்த்து அனுப்பியிருப்பார் என்று தாங்கள் நம்பினீர்கள். நம்பியும், தங்கள் வழக்கப்படி, குறியில்லாத கோப்புப் பிரதிகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கணக்குப் போடத் தொடங்கினீர்கள். பதினொரு தாள்கள் முடிந்தபோது மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அறுவைக் காயத்தின் தையல் பிரிந்துவிட்டது, உடனே வாருங்கள் என்றார்கள். மேலும் பத்து நாள் தாங்கள் வரவில்லை. திரும்பி வந்தபோது மிச்சம் மூன்று தாள்களின் மேல் முப்பது புதிய தாள்கள் கிடந்தன.

தொட்டி பதினொரு மாதம் நின்றது. ஆலையின் நீரேற்றி சிறியது. தொட்டி ஒருநாளும் பாதிக்கு மேல் நிறைந்ததில்லை. பாதி நிறையும்வரை என் கணக்கு சரியாகவே இருந்தது. பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு வரை தாங்கும்படி வைப்பது நம் வழக்கம், அதுவும் இருந்தது. பிறகு ஆலையில் புதிய நீரேற்றி வாங்கினார்கள். வாங்கிய மறுநாள் காலை பத்தே முக்காலுக்குத் தொட்டி முதன்முறையாக விளிம்பு வரை நிறைந்தது. அதற்குக் கீழே உணவுக்கூடம். தேநீர் இடைவேளை. நூல் நுனி வெட்டும் அக்காள் தங்கை இருவர், துணி தேய்க்கும் ஒரு பெரியவர், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண். நான்கு பேர். தொட்டி கூரையோடு இறங்கியபோது, ஆலை உள்ளே இருந்தவர்கள் முதலில் அதை மழைச் சத்தம் என்று நினைத்தார்களாம்.

பொறியாளர் பதிவு மன்றத்தின் விசாரணை நம் கூட்ட அறையில் நடந்தது. பச்சைக் குறி போட்ட மூலத் தாள் மேசைமேல் இருந்தது. தாங்கள் யாரும் கேட்காமலே ஒன்றைச் சொன்னீர்கள்: “மூணு தாளைப் பார்க்காம விட்டேன். அதுல இது ஒண்ணு. அது என் தப்பு. ஆனா இந்தக் குறி என்னுது இல்ல.” அவர்கள் முன்பாதியை எழுதிக்கொண்டார்கள். பின்பாதியை எழுதவில்லை. மை தங்களுடையது, பேனா தங்களுடையது, தாள் போன நேரத்தில் தாங்கள் அலுவலகத்தில் இருந்தீர்கள். பிரிவுத் தலைவர், “வழக்கம்போல அக்காதான் பார்த்தாங்க” என்றார். என்னிடம் கேட்டார்கள். “மேசையில வச்சேன். பச்சையோட திரும்பி வந்துச்சு. வேற எதுவும் தெரியாது” என்றேன். என் குரல் நடுங்கவில்லை. இப்போது இதை வாசிக்கும்போது நடுங்குகிறது, கூடத்தில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தாள் போட்ட எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். தவறு யாருக்கும் வரும், அதைப் பிடிக்கத்தானே சரிபார்ப்பவர் என்றார்கள். சரிபார்த்தவர் என்று அவர்கள் முடிவு செய்த தங்களுக்கு இரண்டு ஆண்டுத் தொழில் தடை. அந்த இரண்டு ஆண்டும் தாங்கள் வீட்டில் உட்காரவில்லை. கீழ்த்தளத்துப் பழங்கோப்பு அறையில் எழுத்தர் வேலையை ஏற்றுக்கொண்டு, பதினைந்து ஆண்டுகளின் தாள்களை எடுத்து, எவையெல்லாம் பழைய தாளைப் பார்த்துப் போட்டவை என்று பிரித்தீர்கள். குறியிட அனுமதி இல்லாததால் கரிக்கோலால் ஓரத்தில் புள்ளி வைத்தீர்கள். தாங்கள் விடுப்பில் இருந்த நாட்களில் வெளியே போன இரண்டு தாள்களில் தப்பு இருந்தது. ஒன்று இன்னொரு தொட்டி. மற்றது ஒரு பிரசவ விடுதியின் மாடி நடைபாதை. இரண்டுக்கும் முட்டுக் கொடுத்து, இடித்து, மறுபடி கட்டவைத்தீர்கள். அந்த நடைபாதையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்குத் தங்களைத் தெரியாது.

அந்த நாட்களில் ஒரு முற்பகல், பாத்திரம் கழுவிய பெண்ணின் அக்காள் அலுவலகத்துக்கு வந்தார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் எங்கள் அறை வாசலில் நின்றார். தாங்கள் கோப்பு எடுக்க மேலே வந்திருந்தீர்கள், கூட்டிப்போய் உட்காரவைத்தீர்கள். “எந்த நம்பரும்மா தப்பு? எதுன்னு காட்டுங்க” என்றார் அவர். தாங்கள் தாளின் நகலை விரித்து மூன்றாம் வரியில் விரலை வைத்தீர்கள். அவருக்குப் படிக்கத் தெரியாது. குனிந்து வெகுநேரம் பார்த்தார். “இவ்ளோதானா?” என்றார். தாங்கள், “இவ்ளோதாம்மா” என்றீர்கள். இரண்டு மேசை தள்ளித் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தேன். அன்று எழுந்து அந்த மேசைக்கு வந்திருக்க வேண்டும். என் கால் இருந்தது, தூரம் பதினைந்து அடிதான்.

தடை முடிந்து தாங்கள் இந்த நாற்காலிக்குத் திரும்பினீர்கள். இழுப்பறை மட்டும் பூட்டப்பட்டது. எங்களை யாரையும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அதன் பிறகு நான் போட்டுத் தங்களிடம் வந்த ஒவ்வொரு தாளிலும் மூன்றாம் வரிக்கு எதிரே இரண்டு பச்சைக் குறிகள் இருந்தன. மற்ற எல்லா வரிக்கும் ஒன்று, மூன்றாம் வரிக்கு மட்டும் இரண்டு. சக பொறியாளர்களின் தாள்களைத் திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றுதான். ஏழு ஆண்டுகள், நானூற்றுச் சொச்சம் தாள்கள். தாங்கள் அறிந்திருந்தீர்கள் என்றே நினைக்கிறேன். தனியாகக் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாத எதையும் தாங்கள் சொல்வதில்லை என்பதால் சொல்லவில்லை. ஒவ்வொரு தாளும் என் மேசைக்குத் திரும்பி வரும்போது நானே சொல்வதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. நானூறு தடவை வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரத்துக்கு முன் இயக்குநர் என்னை அழைத்தார். அன்றைய பிரிவுத் தலைவர்தான் இன்று இயக்குநர். தங்கள் நாற்காலிக்கான ஆணையைக் கையில் கொடுத்தார். அப்படியே இந்த மடலையும் நினைவுபடுத்தினார். “அந்தப் பழைய விஷயமெல்லாம் வேண்டாம். முன்னாடி எழுதினதையே எடுத்துப் பேரை மாத்திடு” என்றார். பத்தாண்டுக்கு முன் என் தோளுக்குப் பின்னால் நின்று சொன்ன அதே வார்த்தைகள். அவருக்கு அது நினைவில்லை. இருக்கைக்கு வந்து பழைய மடலைத் திறந்தேன். முதல் வரியில் பெயரை மாற்றினேன். இரண்டாம் வரியில் ஆண்டை மாற்றினேன். மூன்றாம் வரியில், ‘மாசு மறுவற்ற பணிக்காலம் கண்டவரே’ என்று இருந்தது. அதற்கு மேல் என்னால் போக முடியவில்லை.

ஆகவே இந்தத் தாளைப் புதிதாக எழுதினேன். தங்கள் முறைப்படியே சரிபார்க்கக் கொடுத்தோம். பிரிவில் இருபத்திரண்டு பேர். ஒவ்வொருவரும் தனியே, ஒருவர் திருத்தியதை அடுத்தவர் பார்க்காமல் படித்தார்கள். தொலைபேசி எடுக்கும் அம்மாதான் முதல் கையெழுத்து. “எனக்கு அன்னிக்கே தெரியும், மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா” என்றார். வரைபடக்காரர் ஒருவர், தங்கள் பணிக்காலம் முப்பத்துநான்கு ஆண்டும் இரண்டு மாதமும், முப்பத்தைந்து என்று எழுதியது தப்பு என்று திருத்தினார். பதினேழு பேர் கையெழுத்திட்டார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது, நாளையும் இங்கேதான் வேலைக்கு வர வேண்டும். படிக்காமல் கையெழுத்திட்டவர் ஒருவரும் இல்லை. இந்த அலுவலகத்தில் அப்படி நடந்த முதல் மடல் இது.

பொறியாளர் பதிவு மன்றத்துக்கும் அந்த நான்கு வீடுகளுக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதி, இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். நான் செய்தது எது, எனக்குச் சொல்லப்பட்டது எது என்று பிரித்து எழுதியிருக்கிறேன். ரசீதுகள் இந்த மடலின் பின்பக்கம் ஒட்டப்பட்டிருக்கின்றன. நாற்காலிக்கான ஆணையை இன்று மதியம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மன்றம் என்ன செய்யும் என்று தெரியாது. என்ன செய்தாலும் அது ஒன்பது ஆண்டு தாமதம். தங்களிடம் மன்னிப்புக் கேட்க இந்த மேடை சரியான இடம் அல்ல. கைதட்டலுக்கு நடுவே கேட்டால், தாங்கள் மறுக்கவும் முடியாது. அதனால் இங்கே கேட்கவில்லை.

மடல் என்றால் வாழ்த்து வேண்டும். தாங்கள் எந்த விடுதிக்குப் போனாலும் உட்காரும் முன் அண்ணாந்து கூரையைப் பார்ப்பதும், விட்டத்துக்கு நேர் கீழே இருக்கும் மேசையைத் தவிர்ப்பதும், மொட்டை மாடியில் தொட்டி இருக்கும் வீட்டில் விருந்துக்குக்கூடத் தங்காததும் எங்களுக்குத் தெரியும். இனி வரும் நாட்களில் நல்ல கூரைகளின் கீழே, அண்ணாந்து பார்க்காமல், தங்கள் கணவரோடு ஆற அமர உட்கார்ந்து தேநீர் குடிக்க வாய்க்கட்டும். முழங்கால் வலி விட்டுப்போகட்டும். மூக்குக்கண்ணாடி இதற்கு மேல் தடிக்காமல் இருக்கட்டும். மிச்சம் விட்ட மூன்று தாள்கள் கனவில் வராமல் தூக்கம் வரட்டும். அந்த மூன்றும் தங்களுடையவை அல்ல, என்னுடையவை.

மடலுக்கு மரச்சட்டம் போட்டுவிட்டோம். கண்ணாடி மட்டும் போடவில்லை. தங்கள் இழுப்பறைப் பேனாவைத் தொட எனக்குத் தகுதி இல்லாததால், புதிதாக ஒரு பச்சைப் பேனா வாங்கிச் சட்டத்தின் மேல் வைத்திருக்கிறோம். தாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய், பழுப்பு அட்டையால் மூடிவைத்து, தங்கள் கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள். வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தப்பான வரியை அடித்துவிடுங்கள். கண்ணாடியைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

தாங்கள் நலமுடன் நெடுநாள் இருக்க வேண்டும் என்று விரும்பும்,

வடிவமைப்புப் பிரிவினர் பதினேழு பேர்

எழுதியவர்: மூன்றாம் வரியில் பச்சைக் குறி போட்டவன்

சரிபார்த்தவர்: (இந்த இடத்தை யாரும் தொடவில்லை)